நெட்டை அணைத்த பிறகு

எம்.சி. ரோட்டில் மொத்தமாய் எடுத்த
இருபத்தாறு நைட்டி.
பொம்மைக்கு மாட்டினால் பொம்மை விலைதான் வருகிறது என்று
நானே போட்டுக்கொண்டு நின்றேன் மொட்டைமாடியில்.
ஜெசிந்தா எடுத்தாள்.
இடுப்பைத் திருப்பு என்றாள், சிரிக்காதே என்றாள்,
சிரிச்சதுதான் நல்லா கீது என்று பிறகு
அதையே வைத்துக்கொண்டாள்.
பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி
நிலக்கரியோடு ஒரு மணி நேரமாய் நின்றது
யாரையும் பார்க்காத மாதிரி.

போன் செகண்ட் ஹேண்ட்.
பதினோரு தவணையில் நாலு முடிந்திருக்கிறது.
அது எடுக்கிற படத்துக்கு ஒரு வால் உண்டு:
ஹெச், ஈ, ஐ, சி.
நெட்டில் நான் போட்ட கடை அந்த வாலைப் பார்த்ததும்
ஷட்டரை இறக்கிவிட்டது.
ஜேபிஜி கேட்டது. இல்லாவிட்டால் வெப்பி.
ஒவ்வொன்றும் இருநூறு கேபிக்குள்.

தேடினால் நூறு பேர் வருகிறார்கள்.
இலவசம் இலவசம் என்று பச்சைப் பட்டனை
முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள்.
இங்கே போடு, நொடியில் மாற்றித் தருகிறோம்.
போடலாம்தான்.
எண்பத்தி மூன்று படம்.
தோளில் அம்மைத் தழும்பு தெரிகிற படம்,
காற்று தூக்கிய படம்,
ஜெசிந்தாவின் பையன் டவுசர் இல்லாமல்
குறுக்கே ஓடிய படம்.
எந்த ஊர் கம்ப்யூட்டரில் போய் இறங்கும்,
எத்தனை நாள் தங்கும், யார் சோறு போடுவார்கள்?
பதில் கடைசியில் இருக்கிறது,
பொடி எழுத்தில், இங்கிலீஷில்.

ஜெராக்ஸ் கடை லோகு சொன்னான்:
வாட்ஸப்புல எனக்கு அனுப்புக்கா, நான் பண்ணித் தரேன்.
நல்ல பையன்தான்.
நல்ல பையனாகவே இருக்கட்டும் என்று
அனுப்பவில்லை.

அவன் தங்கச்சி பாரிஜாதம் டிப்ளமோ படிக்கிறாள்.
படத்தை வெளியே விடாமல்
பிரவுசருக்குள்ளேயே மாற்றுகிற பக்கமும் உண்டு என்றாள்.
எப்படி நம்புறது?
பக்கத்தைத் தொறந்துட்டு நெட்டை அணைச்சுப் பாரு.
அப்பவும் மாறினா உள்ளேயே நடக்குது.
முழிச்சுக்கிட்டு நின்னா
உன் படம் ஊர் சுத்தப் போகப் பார்க்குதுன்னு அர்த்தம்.

வைஃபையை அணைத்தேன். டேட்டாவை அணைத்தேன்.
அதுவும் போதாதென்று ஏரோப்ளேன் படத்தைத் தொட்டேன்.
கதவையும் தாழிட்டேன்,
அது எதற்கென்று இன்னமும் தெரியவில்லை.

ஒன்று.
இரண்டு.
பதினேழு.
போன் சுட ஆரம்பித்தது,
அடுப்பிலிருந்து இறக்கின இட்லித் தட்டு மாதிரி.
அந்தச் சூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
வேலை இங்கேதான் நடக்கிறது,
வேறெங்கும் இல்லை.

மூன்றே முக்கால் எம்பி இருந்த நான்
நூற்று அறுபது கேபி ஆகிவிட்டேன்.
இடுப்பு அதே இடுப்பு.
பூக்கள் கொஞ்சம் மங்கல்.
வாங்குகிறவள் தையலைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பாள்,
தையல் தெரிகிறது.

கூடவே இன்னொன்றும் போயிருந்தது.
பழைய படத்தின் வயிற்றுக்குள் ஒரு புள்ளி இருந்தது:
இந்த மாடி, இந்த ரயில்வே கேட்,
பத்தடி பிசகாமல்.
புதுப் படத்தில் விவரம் என்று தட்டினால்
இடம் என்ற வரியே இல்லை.

இதே இடத்தை நான் முன்பு வாயாலேயே அழித்திருக்கிறேன்.
அண்ணா நகர் ஷோரூம் இன்டர்வியூவில்
எந்த ஏரியா என்றார்.
பெரம்பூர் பக்கம் சார்.
எவ்வளவு பக்கம் என்று அவர் கேட்கவில்லை,
வேலைக்கும் கூப்பிடவில்லை.

நெட்டைப் போட்டேன்.
படங்கள் ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தபோது
கடை முகவரிக் கட்டம் காலியாய்க் கண்ணில் பட்டது.
வீட்டு நம்பர் போடவில்லை. தெருவும் போடவில்லை.
கொருக்குப்பேட்டை என்று போட்டேன்,
சென்னை 21.
எழுத்துப் பிழை இல்லையே என்று
பாரிஜாதத்தை ஒரு தடவை கேட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு படத்தை மட்டும் மாற்றவில்லை,
அந்தக் காற்று தூக்கின படம்.
வாலோடு, புள்ளியோடு, முழு எடையோடு
போனிலேயே கிடக்கிறது.
அதில் நைட்டியைப் பிடித்துக்கொண்டு
விழுந்து விழுந்து சிரிக்கிறேன்.
பின்னால் நிலக்கரி வண்டி
கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.